நீல முனைக்கு இன்னும் உயிர் இருக்கிறது

பழைய மானிட்டரில் ஹெச்.டி. படம் பார்க்க முடியுமா? முடியும் என்கிறது மின்னணுவியல். சில சமயம் கூடாது என்கிறது ஒப்பந்தம்.

பெங்களூர் டவுன் ஹாலுக்கு அருகே உள்ள சதர் பத்ரப்பா சாலையை முழுப்பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். கம்ப்யூட்டர் உதிரி பாகங்களுக்குப் பேர்போன இந்த நெரிசலான கடைவீதியில், புதிய சரக்கோடு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மானிட்டர்களும் விலைக்குக் கிடைக்கின்றன. மாணவர்கள், வாடகை அறைகளில் தங்கி வேலை தேடும் இளைஞர்கள், சிறிய டி.டி.பி. கடைக்காரர்கள் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் திரை அதுதான். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது வகுப்பறைகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்ததும், ஒரு வீட்டுக்கு ஒரு திரை போதாது என்ற நிலை வந்தது.

வாங்கி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மானிட்டரின் முதுகில் இருப்பது 15 துளைகள் கொண்ட நீலநிற வி.ஜி.ஏ. முனை. புதிய லேப்டாப்பில் இருப்பதோ தட்டையான ஹெச்.டி.எம்.ஐ. முனை. ஒன்று அனலாக், மற்றொன்று டிஜிட்டல். இரண்டும் பேசும் பாஷை வேறு.

வி.ஜி.ஏ.வை ஐ.பி.எம். நிறுவனம் 1987ல் தனது பி.எஸ்./2 கம்ப்யூட்டர்களோடு அறிமுகப்படுத்தியது. அன்று அதன் உச்சம் 640 x 480, அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள். இன்றைய முழு ஹெச்.டி. படம் 1920 x 1080. புள்ளிகளின் எண்ணிக்கை 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆனால் அதே 15 ஊசிக் கம்பியால் இந்தச் சுமையையும் தூக்க முடியும் என்பதுதான் ஆச்சரியம்.

மில்லிவோல்ட் கணக்கு

சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாக மூன்று கம்பிகள். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. பூஜ்யம் என்றால் இருட்டு, 0.7 என்றால் முழு வெளிச்சம். நடுவில் 256 படிகள். அப்படியானால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 3 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. முழு ஹெச்.டி. படத்தை விநாடிக்கு 60 முறை வரையும்போது, ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 15 கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு நுட்பமான கணக்கில் கம்பி மட்டமாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மெலிந்த, நீளமான கேபிளில் எழுத்துகளுக்கு நிழல் விழும், ஓரங்கள் மங்கும். தடிமனான, குட்டையான கேபிளில் அதே மானிட்டர் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு சிக்கல் மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர்கள் அனலாக் அலையை அப்படியே திரையில் தீட்டின. எல்.சி.டி. மானிட்டர் அப்படியல்ல. வந்த அலையை மறுபடி எண்களாக்கி, எந்தப் புள்ளி எங்கே தொடங்குகிறது என்று அதுவே ஊகிக்க வேண்டும். ஊகம் அரைப் புள்ளி தவறினாலும் படம் கலங்கிவிடும். மானிட்டரில் உள்ள ‘ஆட்டோ’ பொத்தான் இதற்காகத்தான். படத்தில் இருட்டுக் காட்சி ஓடும்போது அதை அழுத்திப் பயனில்லை. திரை முழுக்க வெளிச்சமும் எழுத்துகளும் இருக்கும்போது அழுத்தினால் மானிட்டர் சரியாகப் பிடித்துக்கொள்கிறது.

எது வாங்குவது?

இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைக்கும் கேபிள்களும் சந்தையில் உண்டு. ஹெச்.டி.எம்.ஐ. முனை அனலாக் அலையை வெளியிடுவதில்லை என்பதால் அவை பெரும்பாலும் உதவாது. தேவைப்படுவது, உள்ளே மாற்றுச் சில்லு உள்ள கன்வர்ட்டர். விலை சில நூறு ரூபாய்தான். திசையும் முக்கியம்: ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.விலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. வி.ஜி.ஏ. ஒலியைச் சுமக்காது என்பதால் ஸ்பீக்கருக்குத் தனித் துளை உள்ள கன்வர்ட்டர் நல்லது. சிலவற்றுக்கு யு.எஸ்.பி. வழியாகத் தனி மின்சாரமும் தேவைப்படும்.

திரையின் அளவையும் மறந்துவிடக் கூடாது. 1280 x 1024 புள்ளிகள் கொண்ட 17 அங்குலச் சதுர மானிட்டரில் முழு ஹெச்.டி. படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 1280 x 720 ஆகச் சுருங்கும். அதுவும் ஹெச்.டி.யின் முதல் படிதான். 1024 x 768 மட்டுமே கொண்ட 15 அங்குலத் திரையில் அதுவும் கிட்டாது. படம் திக்கித் திணறினால் பெரும்பாலும் மானிட்டர் குற்றவாளியல்ல. பழைய கம்ப்யூட்டரின் பிராசஸர் வீடியோவை விரித்தெடுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

கம்பியில் இல்லாத தடை

எல்லாம் சரியாக இருந்தும் சந்தா கட்டிய ஓ.டி.டி. படம் மட்டும் மங்கலாகவோ, கறுப்புத் திரையாகவோ தெரிந்தால் காரணம் வேறு. அதன் பெயர் ஹெச்.டி.சி.பி. இன்டெல் உருவாக்கிய இந்தப் பூட்டு, டிஜிட்டல் கம்பியில் செல்லும் படத்தைச் சங்கேதமாக்குகிறது. மறுமுனையில் அனுமதி பெற்ற கருவி இருந்தால்தான் திறக்கும். அனலாக் கம்பியில் இந்தப் பூட்டைப் பொருத்த வழியில்லை. எனவே, பல சேவைகள் வி.ஜி.ஏ.வைக் கண்டதும் தரத்தைக் குறைத்துவிடுகின்றன அல்லது படத்தையே மறுத்துவிடுகின்றன.

ப்ளூ ரே தட்டுகளுக்கான விதிகளிலும் இதே கதைதான். 2010 டிசம்பருக்குப் பிறகு தயாரான பிளேயர்கள் பாதுகாக்கப்பட்ட படங்களை அனலாக் வழியே சாதாரணத் தரத்தில் மட்டுமே தரலாம். 2013க்குப் பிந்தையவை அதுவும் தரக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், ஹெச்.டி.சி.பி.யின் மூலச் சாவியே 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியாகிவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. திருட்டு வி.சி.டி.யை ஒழிக்க முடியாத நாட்டில் இத்தகைய பூட்டில் சிக்குவது பெரும்பாலும் சந்தா கட்டியவர்தான்.

பூட்டில்லாத பொருளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பாட வீடியோக்கள் நீல முனை வழியாகவும் தடையின்றி ஓடும். சொந்த கேமராவில் எடுத்த கல்யாண வீடியோவும் அப்படியே.

அறிவித்தும் சாகவில்லை

இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. டிஸ்ப்ளே ஆகியவை 2010 டிசம்பரில் கூட்டாக ஓர் அறிவிப்பு வெளியிட்டன. 2015க்குள் வி.ஜி.ஏ.வுக்கு விடை கொடுப்பது என்பது திட்டம். அந்தக் கெடு தாண்டி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கல்லூரி புரொஜெக்டர்களிலும் அரசு அலுவலக மேஜைகளிலும் நீல முனையை இன்றும் பார்க்கலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985ல் வந்து இறங்கியதிலிருந்து சில்லு வடிவமைப்புக்குப் பெயர் பெற்ற நகரம் பெங்களூர். புதுமையை வடிவமைக்கும் அதே ஊர்தான் பழையதைப் பழுது பார்த்தும் விற்கிறது.

இதில் சிக்கனத்தைவிடப் பெரிய விஷயமும் உண்டு. பிக்சர் ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய எல்.சி.டி. மானிட்டர்களின் பின்விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது. மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்து, 2016லும் 2022லும் திருத்தி எழுதப்பட்டுவிட்டன. நகருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் ‘இ-பரிசரா’ போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மின்கழிவைப் பிரித்தெடுக்கின்றன. ஆனாலும் குடிசைத் தொழிலாகச் சுத்தியலால் உடைக்கப்படும் திரைகளின் நஞ்சு, உடைப்பவரின் நுரையீரலுக்கும் மண்ணுக்கும்தான் போகிறது.

திரை பழுதாகி மாற்றுவது நியாயம். நன்றாக ஒளிரும் திரையை, அதன் முனை பழசு என்பதற்காகவோ, எங்கோ எழுதிய ஒப்பந்தம் அதை நம்பவில்லை என்பதற்காகவோ குப்பைக்கு அனுப்புவது வேறு. அதற்கு முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.