சிக்லிட் தொட்டிக்கு எந்தக் கெளுத்தி செட் ஆகும்? ‘புது ஆறு’ வரை போகும் ஒரு கேள்வி

“மச்சி, சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல வளந்துடுச்சு. ராத்திரி பூரா கல்லை உருட்டுது. கொண்டுபோய் புது ஆத்துல விட்டுரவா?”

தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் நண்பர் அனுப்பிய வாய்ஸ் நோட் இது. அவரிடம் இருப்பது 3 அடித் தொட்டி. உள்ளே மஞ்சளும் நீலமுமாக ஆப்பிரிக்கன் சிக்லிட் மீன்கள். ‘அழுக்கை எல்லாம் இதுவே தின்னுடும், தொட்டியைக் கழுவவே வேணாம்’ என்று கடையில் சொன்னதை நம்பி, விரல் நீளத்தில் ஒரு ‘டேங்க் கிளீனர்’ வாங்கிப் போட்டார். இப்போது அது திரும்பிப் படுக்கவே இடம் இல்லை.

ஆற்றில் விடலாமா? கூடாது. ஏன் கூடாது? முதலிலேயே எந்தக் கெளுத்தியை வாங்கியிருக்க வேண்டும்? பார்க்கலாம்.

சிக்லிட் நமக்குப் புதுசா?

இல்லை. மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும் ‘ஜிலேபி’யும் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பம்தான். 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று டெல்டாவின் குளம், ஏரி, வாய்க்கால் என எங்கும் இருக்கிறது. வெளிநாட்டு மீன் ஒன்று நம் தண்ணீரில் இறங்கிவிட்டால் திரும்பப் பிடித்து முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

அலங்காரத் தொட்டிகளில் வளர்க்கும் சிக்லிட்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்தவை. இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். ஒன்று, இவை சண்டைக்காரர்கள். பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு ‘இது என் ஏரியா’ என்று துரத்தும். இரண்டு, இவற்றுக்குத் தாதுக்கள் நிறைந்த கடின நீர் வேண்டும். மலாவியில் பி.ஹெச். அளவு 8-ஐ ஒட்டி இருக்கும். டாங்கனிக்காவில் 9-ஐ நெருங்கும்.

ஆக, கூட விடும் கெளுத்தி அடி தாங்க வேண்டும், அதே தண்ணீரில் வாழ வேண்டும். அதோடு, முழுசாக வளர்ந்த பிறகும் உங்கள் தொட்டிக்குள் அடங்க வேண்டும். நாம் கேட்க மறப்பது இந்த மூன்றாவதைத்தான்.

எது செட் ஆகும்?

கடையில் ‘சினோடான்டிஸ்’ என்று கேளுங்கள். அதே ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கெளுத்தி இனம். முள்ளும் கெட்டித் தோலும் இருப்பதால் சிக்லிட் முட்டினாலும் தாங்கும்.

பெட்ரிகோலா: டாங்கனிக்கா ஏரி மீன். சுமார் 10 செ.மீ. வரைதான் வளரும். இருப்பதில் சின்னது, சாது.

மல்டிபங்டேட்டஸ்: இதுவும் டாங்கனிக்காவைச் சேர்ந்தது. தொட்டியில் சுமார் 15 செ.மீ. வளரும். இதன் இன்னொரு பெயர் ‘குயில் கெளுத்தி’. பல சிக்லிட்கள் முட்டையை வாயில் வைத்து அடைகாப்பவை. அவை முட்டையிடும் நேரத்தில் இந்தக் கெளுத்தி நடுவில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் சிக்லிட் தெரியாமல் அதையும் சேர்த்து வாயில் எடுத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாடோ 1986-ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பதிவு செய்தார். சிக்லிட் குஞ்சுகளை வளர்க்க நினைப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

யூப்டெரஸ்: துடுப்பு இறகு மாதிரி விரியும். 20 செ.மீ.யைத் தாண்டும் என்பதால் பெரிய தொட்டிக்கு மட்டும்.

சினோடான்டிஸ் வேண்டாம் என்றால் ‘பிரிசில்நோஸ்’ வாங்கலாம். இது தென் அமெரிக்க மீன். சக்கர் மீனின் உறவுதான் என்றாலும் 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். பாசியையும் சுரண்டும்.

எதைத் தவிர்க்கணும்?

சக்கர் மீன்: நியாயமாகச் சொன்னால், இதன் உடம்பே கவசம். சிக்லிட்டின் அடியைத் தாங்கும். பிரச்சினை சைஸ்தான். 40 செ.மீ.க்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். கழிவையும் தின்னாது. தன் பங்குக்கு நிறைய கழிவு போடும்.

கோரிடோரஸ்: அழகான குட்டிக் கெளுத்தி. ஆனால் மென்மையான தண்ணீர் கேட்கும், சிக்லிட்டின் முரட்டுத்தனம் தாங்காது. பெரிய சிக்லிட் விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகலாம்.

‘ஷார்க்’, ரெட் டெய்ல்: குட்டியாக இருக்கும்போது வெள்ளி நிறத்தில் மின்னும் அந்த ‘ஷார்க்’ உண்மையில் ஒரு கெளுத்தி. இதுவும் ரெட் டெய்லும் ஒரு மீட்டரை எட்டக்கூடியவை. வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

ஆப்பிரிக்கன் கெளுத்தி: பெயரில் ஆப்பிரிக்கா இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கிடைத்ததை எல்லாம் தின்னும் இந்த மீனை வளர்க்க மத்திய அரசு 2000-ல் தடை விதித்தது.

வாய்க்காலில் பிடித்த நாட்டுக் கெளுத்தியை விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ராத்திரியில் சின்ன மீன்களை வேட்டையாடும், கூடவே நோயையும் கொண்டுவரலாம். தேளி மீனின் முள்ளில் விஷம் இருக்கிறது, தொட்டியில் கை விடும் நமக்கே ஆபத்து.

நம்ம ஊர் தண்ணீர் ஒத்துவருமா?

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? சமையலுக்குத் தொல்லை, சிக்லிட்டுக்கு நல்ல செய்தி. அது கடின நீர். ஆனால் டி.டி.எஸ். மீட்டரில் எண் அதிகம் காட்டினால் எல்லாமே கடின நீர் ஆகிவிடாது. நாகப்பட்டினம் பக்கம் கடலோர நிலத்தடி நீரில் சாதாரண உப்பே அந்த எண்ணை ஏற்றிவிடும். பி.ஹெச்., கடினத்தன்மை இரண்டையும் டெஸ்ட் கிட் வைத்துப் பார்ப்பதே சரி. தாதுக்களை நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. மாநகராட்சிக் குழாய் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மற்றபடி சில எளிய விதிகள்:

தொட்டி 4 அடி இருந்தால் நிம்மதி. நீளம் 4, அகலம் 1.5, உயரம் 1.5 அடி என்றால் சுமார் 250 லிட்டர்.

சின்ன சினோடான்டிஸ் என்றால் 3 முதல் 5 வரை சேர்த்து விடுங்கள். ஒளிந்துகொள்ள மண் சட்டி, பழைய நாட்டு ஓடு போதும்.

கெளுத்திக்கான தீனியை விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். பாசி தின்னும் மலாவி சிக்லிட்கள் புரதத் தீனியை அதிகம் தின்றால் வயிறு வீங்கிச் சாகலாம்.

வாரம் 25 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். எந்தக் கெளுத்தியும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

கோடையில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

ஆற்றில் விட்டால் என்ன ஆகும்?

பெரிய கோயில் பக்கத்தில் ஓடும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்டது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வரை பாய்ந்து வழியில் உள்ள ஏரிகளை நிரப்புகிறது. தஞ்சாவூரில் விட்ட மீன் தஞ்சாவூரிலேயே நிற்காது. கோடையில் கால்வாய் வறண்டாலும் கவலை தீராது. காற்றை விழுங்கி மூச்சுவிடக்கூடிய சக்கர் மீனுக்குக் கொஞ்சம் சேற்றுத் தண்ணீரே போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கரை. முட்டையிடுவதற்காக இந்த மீன் மண் கரையில் ஆழமான வளை தோண்டும். மெக்சிகோவிலும் ஃப்ளோரிடாவிலும் இப்படித்தான் கரைகள் அரிக்கப்பட்டன. டெல்டா விவசாயமே மண் கரைகளை நம்பி இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, மேற்கு வங்க நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. யாரோ ‘பாவம், பிழைச்சுப் போகட்டும்’ என்று விட்டதுதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கோயில் குளத்தில் விடுவதும் இதே கணக்குதான், புண்ணியம் இல்லை.

வளர்க்க முடியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

நண்பரிடமிருந்து போன வாரம் அடுத்த வாய்ஸ் நோட் வந்தது: “ஆறடித் தொட்டி வச்சிருக்க ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு. இப்ப பெட்ரிகோலா கேட்டிருக்கேன். கடைக்காரர்கிட்ட முதல் கேள்வியே, ‘அண்ணே, இது கடைசியா எவ்வளவு நீளம் வளரும்?’தான்.”