கடலுக்குள் இறங்கும் கம்பி

வீட்டில் விளக்கு எரியாவிட்டால் நாம் பல்பைச் சந்தேகிக்கிறோம். அனுபவமுள்ள ஒயர்மேனோ இணைப்புகளையும் சோதிப்பார். கடல் ஆராய்ச்சிக் கப்பல்களிலும் அப்படித்தான். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று இன்று பார்ப்போம்.

கடல்நீரின் வெப்பம், உப்பின் அளவு, ஆழம் ஆகியவற்றை ஒருங்கே அளக்கும் மின்கருவி ஒன்றை 1950களில் ஆஸ்திரேலியாவில் புரூஸ் ஹாமன், நீல் பிரவுன் என்னும் இருவர் உருவாக்கினர். இன்றைய கருவிகள் வெப்பத்தை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கின்றன. கருவியைக் கடலுக்குள் இறக்கும் கேபிளின் வெளிப்புறம் எஃகுக் கம்பிகள். உள்ளே காப்புறை போட்ட செம்புக்கம்பி. செம்பின் வழியே மின்சாரம் கீழே போகிறது. அளவுகள் மேலே வருகின்றன.

காப்புறை என்றதும் நம் மண்ணை நினைக்கலாம். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பியைக் காத்தது கட்டாபெர்ச்சா. மலாயாக் காடுகளிலும் வளரும் தாபான் மரத்தின் பால் அது. இப்போது அந்த வேலையைப் பிளாஸ்டிக் செய்கிறது.

கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடுகிறது. 4,000 மீட்டரில் அது ஏறக்குறைய 400 மடங்கு. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்புநீர் புகுந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் மின்சாரம் கசியும். கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகக் கசிந்தால்தான் ஆபத்து. சரியான எண்களுக்கு நடுவே தவறான எண்களும் வரும். நிமிடத்துக்கு 60 மீட்டர் வீதம் இறக்கினால், அவ்வளவு ஆழம் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். திரும்பவும் அவ்வளவு நேரம். ஆகவே சோதனையைக் கப்பல் தளத்திலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் கருவியைக் கழற்றிவிடுவார்கள். சோதனை மின்சாரம் அதைப் பழுதாக்கிவிடும். பிறகு கேபிளின் கடல் முனையில் செம்பையும் எஃகையும் சேர்த்து, மறுமுனையில் மின்தடையை அளப்பார்கள். அளவு கூடினாலோ ஆடினாலோ எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்து இரண்டையும் பிரித்து, கடல் முனை இணைப்பை உப்புநீர் வாளியில் அமிழ்த்தி, 'மெக்கர்' கருவியால் 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். காய்ந்திருக்கும்போது நல்லதாகத் தெரிந்த இணைப்பு நனைந்ததும் குட்டை வெளிப்படுத்தும். காப்பு நன்றாக இருந்தால் தடை பல கோடி ஓம் காட்டும். சில ஆயிரமாக இறங்கினால் நீர் புகுந்துவிட்டது. பழுதான பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: நீளமான கேபிள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதை வெளியேற்றிய பிறகே முனையைத் தொடலாம்.

பருவமழையையும் கடல் சூடேறுவதையும் ஆராய்பவர்கள் இந்த எண்களையே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை, கப்பல் தளத்தில் குனிந்து இணைப்பைச் சோதிக்கும் தொழிலாளியின் கையில் இருக்கிறது.