பூப்பள்ளத்தாக்குக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட்

உத்தராகண்டின் பூப்பள்ளத்தாக்கு ஜூன் 1-ல் திறந்து அக்டோபர் 31-ல் மூடப்படுகிறது. பூக்கள் பொங்குவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். அந்த நேரத்தில் போக நினைக்கும் சென்னை இளைஞர் மே மாதமே விழித்துக்கொள்ள வேண்டும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும் ஸ்லீப்பர் இடங்கள் கரையத் தொடங்கும்.

ஸ்லீப்பரை விட்டால் என்ன ஆகும்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து புதுடெல்லிக்கு ஏறத்தாழ 2,180 கி.மீ. ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய்க்குள் போய்விடலாம். மூன்றடுக்கு ஏ.சி.யில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். ராஜ்தானி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல் இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறுகிறது. அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வரைகூடப் போகும். கடைசி நேரத்தில் முடிவெடுப்பவர்கள் இவற்றில்தான் போய் விழுகிறார்கள்.

காசை மிச்சப்படுத்தும் நல்ல வழி ஒன்று உண்டு. ஊரிலிருந்து கிளம்பி அதே ஊருக்குத் திரும்புபவர்களுக்கான சுற்றுப்பயண டிக்கெட் அது. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதுதான் ரயில் கட்டணத்தின் அடிப்படை. பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டி டிக்கெட் எடுத்தால் அந்த லாபம் போய்விடும். சென்னை, டெல்லி, ஹரித்வார், அங்கிருந்து லக்னோ, வாரணாசி வழியாகச் சென்னை என்று வட்டமாகத் திட்டமிட்டால் மொத்தத் தூரத்தையும் இரண்டு நீண்ட பயணங்களாகக் கணக்கிடுவார்கள். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். இணையத்தில் இது கிடைக்காது. பெரிய நிலையத்தில் விண்ணப்பித்து வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக இடம் பதிய வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு.

பெர்த் கிடைத்தால்தானே பலன்? என் கவலையெல்லாம் அங்கேதான். பல விரைவு ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகள் குறைந்து ஏ.சி. பெட்டிகள் கூடியிருக்கின்றன. புதிய வந்தே பாரத் ஸ்லீப்பரில் ஏ.சி. இல்லாத வகுப்பே கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் ஏறவும் முடியாது. கோடையில் இரண்டு இரவு பயணம் செய்பவர்கள் ஏ.சி.யை விரும்புவது இயல்பு என்பார்கள், இருக்கட்டும். ஆனால் முதல் வேலையில் சேர்ந்து மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேர்த்தவருக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லையே.

மலையில் நடக்கக் காசு அதிகம் வேண்டாம். சாலை முடியும் கோவிந்த்காட் பக்கமிருந்து பள்ளத்தாக்கின் அடிவார ஊரான காங்ரியா வரை கால்கள் கொண்டுபோய்விடும். கல்லூரி மாணவரும் கடைச் சிப்பந்தியும் தொழிலதிபரும் ஒரே ஏற்றத்தில் மூச்சுவாங்கும் இடம் அது. அங்கே போய்ச் சேரும் வழி மட்டும் வசதி உள்ளவர்களுக்கானதாக மாறினால், இமயமலை இன்னொரு சொகுசு விடுதியாகிவிடும்.

நீண்டதூர ரயில் ஒவ்வொன்றிலும் இத்தனை ஸ்லீப்பர் பெட்டிகளுக்குக் குறையக்கூடாது என்று விதி வேண்டும். சுற்றுப்பயண டிக்கெட்டை இணையத்திலும் விற்க வேண்டும். இரண்டும் நடந்தால், தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்தும் சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் பூப்பள்ளத்தாக்குக்குக் கடன் வாங்காமல் போய் வரலாம்.