வெற்றி விழாவுக்கு எழுதப்பட்ட ஒப்பாரி

1747ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கில் ஓர் இசைப் படைப்பு அரங்கேறியது. தன் மதத்தையும் வழக்கங்களையும் கைவிடுமாறு ஒரு பேரரசால் கட்டாயப்படுத்தப்பட்ட சிறிய இனமொன்று, ஆயுதமேந்தி அந்தப் பேரரசை எதிர்த்து நின்று மீண்ட கதையை அது பாடியது. ஆனால், அது யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்று பார்த்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. ஒரு வருடத்துக்கு முன்னர் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் ஒரு கிளர்ச்சியை நசுக்கிவிட்டு லண்டன் திரும்பிய அரச படைத் தளபதி, கம்பர்லாந்துக் கோமகன் வில்லியமுக்கு.

படைப்பின் பெயர் ‘யூதா மக்கபே’. இசையமைத்தவர் ஜோர்ஜ் பிரெடரிக் ஹண்டெல். பாடல் வரிகளை எழுதியவர் தோமஸ் மொறெல் என்ற மதகுரு. இந்த வகையை ‘ஒரட்டோரியோ’ என்பார்கள். எங்களுடைய நாட்டுக்கூத்தில் இருந்து வேடத்தையும் ஆட்டத்தையும் எடுத்துவிட்டு, பாத்திரங்களின் பாட்டையும் பின்பாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அதுதான். பாத்திரம் ஏற்பவர்கள் சாதாரண உடையில் நின்றபடியே பாடுவார்கள். மக்கள், போர்வீரர், பெண்கள் என்று கூட்டமாக வருபவர்களுக்கெல்லாம் பாடகர் குழுதான் குரல்.

கதை மக்கபேயர் நூலில் இருந்து எடுக்கப்பட்டது. கத்தோலிக்க வேதாகமம் வைத்திருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் அந்த நூல் பொதுவாக இருப்பதில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு என்ற மன்னன் ஜெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்கிறான். மத்தத்தியா என்ற முதிய குரு கிளர்ச்சியைத் தொடங்கிவைத்துவிட்டு இறந்துபோகிறார். அவருடைய மகன் யூதா தலைமையேற்று ஆலயத்தை மீட்கிறான்.

இந்தக் கதை எப்படிக் கம்பர்லாந்துக்குப் பொருந்தியது? பிரித்தானிய அரச குடும்பம் புரட்டஸ்தாந்து மதத்தைச் சேர்ந்தது. கத்தோலிக்கரான ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசர் சார்ள்ஸ் 1745இல் ஸ்கொட்லாந்தில் வந்திறங்கி, தன் தந்தைக்காக முடியைக் கேட்டார். மலைநாட்டுக் குலங்கள் பல அவருக்குப் பின்னால் நின்றன. லண்டனின் பார்வையில் ஆபத்துக்குள்ளான ‘உண்மை மதத்தினர்’ தாங்கள்தான். ஆகவே, இஸ்ரயேலரும் தாங்கள்தான். எதிரில் நின்ற மலைநாட்டவர் அந்தியோக்கின் படை. கம்பர்லாந்து, மன்னர் இரண்டாம் ஜோர்ஜின் மகன். ஹண்டெல் அந்த அரச குடும்பத்திடம் ஓய்வூதியம் பெற்றுவந்தவர். கோமகன் வெற்றியோடு திரும்பியதற்கான பாராட்டாகவே இதைத் திட்டமிட்டதாக மொறெல் பிற்காலக் கடிதமொன்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். கோமகன் தனக்கு நல்ல வெகுமதி கொடுத்தனுப்பியதையும் குறிப்பிடுகிறார்.

அந்த வெற்றி எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1746 ஏப்ரல் 16ஆம் திகதி, இன்வர்னெஸ் நகருக்கு அருகில் கலோடன் என்ற ஈரப் பற்றை நிலத்தில் நடந்த சண்டை ஒரு மணித்தியாலம்கூட நீடிக்கவில்லை. கிளர்ச்சியாளர் பக்கத்தில் 1,500 தொடக்கம் 2,000 பேர் வரை கொல்லப்பட்டனர் அல்லது காயமடைந்தனர். அரச படை தன் பக்கத்தில் இறந்தவர்கள் சுமார் 50 பேர் என்று அறிவித்தது. காயப்பட்டுக் களத்தில் கிடந்தவர்கள் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த மாதங்களில் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் வீடுகள் எரிக்கப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கம்பர்லாந்துக்குக் ‘கசாப்புக்காரன்’ என்ற பெயர் நிலைத்தது. சிறைப்பிடிக்கப்பட்ட 3,400இற்கும் அதிகமானோரில் ஏறத்தாழ 120 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, 900இற்கும் மேற்பட்டோர் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். 600இற்கும் அதிகமானோருக்கு என்ன நடந்தது என்பது பதிவேடுகளில் இல்லை. இந்தக் கடைசி வரியை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பின்னர் சட்டங்கள் வந்தன. ஆயுதம் களையப்பட்டது; குலத் தலைவர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டது. மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் தமது பாரம்பரிய உடையை அணிவது குற்றமாக்கப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். அந்தச் சட்டம் 1782இல்தான் நீக்கப்பட்டது. ‘யூதா மக்கபே’ ஆங்கில ரசிகர்களின் அபிமானப் படைப்பாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்தச் சட்டமும் நடைமுறையில் இருந்தது.

இதை ஆங்கிலேயருக்கும் ஸ்கொட்லாந்தியருக்கும் இடையிலான சண்டை என்று சுருக்கவும் முடியாது. அரச படையில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் இருந்தார்கள். மலைநாட்டிலேயே காம்பெல் குலத்தவர் அரசின் பக்கம் நின்றார்கள். கிளர்ச்சியாளரின் தலைமை முதன்மையாகக் கேட்டது மக்களுடைய விடுதலையை அல்ல, ஒரு பரம்பரைக்குரிய முடியை. குலத் தலைவர்கள் தமது குடிகளை மிரட்டிப் படைக்கு அனுப்பிய கதைகளும் ஏராளம். மலைநாட்டுச் சமூகத்தின் மீது விழுந்த தண்டனையை இவை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால், இவற்றையும் சேர்த்துத்தான் கலோடனைப் புரிந்துகொள்ள முடியும்.

கடந்த வருடம் லண்டன் சென்றிருந்தபோது இந்தப் படைப்பை நேரில் கேட்கக் கிடைத்தது. இடம், ஒரு பழைய தேவாலயம். பாடகர்கள் இருபத்தைந்து பேரளவில் இருந்தார்கள். வாத்தியங்கள் எல்லாம் ஹண்டெல் காலத்து வகை. என்னோடு வந்தவர் என் சித்தி. முள்ளிவாய்க்காலில் இருந்து மெனிக் பாமுக்கு வந்து, பிறகு பிள்ளைகளிடம் லண்டனுக்குப் போனவர். மேற்கத்தேய சங்கீதத்தில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. எனக்குத் துணையாகத்தான் வந்தார்.

பழங்கால வாத்தியங்களில் வாசிப்பதென்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். வயலின்களில் உருக்குக் கம்பிக்குப் பதிலாக ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. அதன் ஒலி சற்றுக் கரகரப்பானது, மனிதக் குரலுக்குக் கிட்டியது. எக்காளத்தில் விசைகள் இல்லை. ஊதுபவர் உதட்டினாலும் மூச்சினாலும் மட்டுமே சுரங்களைப் பிடிக்க வேண்டும், சில வேளைகளில் தவறியும் போகும். பியானோவின் இடத்தில் ஹார்ப்சிகோட். அதில் தந்திகள் அடிக்கப்படுவதில்லை, மீட்டப்படுகின்றன. சுருதியும் குறைவு. இன்றைய இசைக்குழுக்கள் ‘லா’ சுரத்தை 440 ஹேர்ட்ஸில் வைக்க, இவர்கள் 415இல் வைக்கிறார்கள். எங்கள் பாட்டுக்காரர் மொழியில் அரைக்கட்டை இறக்கம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் ஆயிரக்கணக்கான பாடகர்களை நிறுத்தி இதே படைப்பைப் பாடிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பிரமாண்டத்தைக் களைந்து, படைப்பு பிறந்தபோது எப்படி ஒலித்ததோ அப்படியே கேட்கவேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வலுப்பெற்ற இயக்கத்தின் பிள்ளைகள்தான் இத்தகைய குழுக்கள்.

சிறிய குழுவாக இருந்ததால் சொற்கள் தெளிவாகக் கேட்டன. வெற்றிக்காக எழுதப்பட்ட இந்தப் படைப்பு மரண வீட்டில்தான் தொடங்குகிறது. மத்தத்தியா இறந்துவிட்டார், மக்கள் கூடி அழுகிறார்கள். ஒரு குரல் தொடங்க இன்னொரு குரல் அதன் மேல் சாய்கிறது, நரம்பு வாத்தியங்கள் கீழே மெல்ல விம்முகின்றன. தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் வியாகுலப் பிரசங்கம் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சித்தி என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“ஆர் பிள்ளை செத்தது?”

“வெல்லப்போறவையின்ர தகப்பன், சித்தி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த நிகழ்ச்சிக் கையேட்டில் வாத்தியங்களின் வகை பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. கலோடனைப் பற்றி ஒரே ஒரு வசனம். 1746இல் ஸ்கொட்லாந்தில் கிடைத்த வெற்றியைக் கொண்டாட எழுதப்பட்டது என்று மட்டும். எக்காளத்தின் குழாய் எத்தனை வளைவு கொண்டது என்பதில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், அந்த எக்காளம் எதற்காக ஊதப்பட்டது என்பதை ஒரு வசனத்தில் கடந்து போனது எனக்கு உறுத்தியது. இதைப் பாடக்கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அழுகை பொய்யான அழுகை அல்ல. ஹண்டெல் எங்கோ நிஜமான துக்கத்தைத் தொட்டுத்தான் அதை எழுதியிருக்கிறார். ஆனால், ஒடுக்கப்பட்டவர்களின் துக்கத்தை எடுத்து ஒடுக்கிய படைக்குப் போர்த்திவிட்டார்கள். பழைய ஒலியை மீட்கப் பாடுபடுபவர்கள் இதையும் சேர்த்து மீட்டெடுத்தால் என்ன?

மூன்றாம் பாகத்தில், உரோமாபுரியில் இருந்து தூதர் ஒருவர் ஒப்பந்தத்தோடு வருகிறார். யூதேயா சுதந்திர நாடாக இருப்பதற்கு உரோமாபுரி பொறுப்பு என்கிறது அந்த ஒப்பந்தம். எல்லோரும் மகிழ்ந்து பாடுகிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 63இல், அதே உரோமாபுரியின் தளபதி பொம்பேயி ஜெருசலேமைக் கைப்பற்றினான் என்பது ஒரட்டோரியோவில் வராது. சர்வதேச உத்தரவாதங்களை நம்பிக் காத்திருந்து பழகியவர்கள் அந்தப் பாட்டைக் கேட்கும்போது கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

இந்தப் படைப்பில் உலகம் முழுக்கப் பரவியது ஒரே ஒரு மெட்டுத்தான். வெற்றிபெற்ற வீரன் வருகிறான் என்று வரவேற்கும் பாடல். முதலில் வாலிபர்கள் கொம்பு வாத்தியங்களோடும், அடுத்து கன்னிப் பெண்கள் புல்லாங்குழல்களோடும் பாட, கடைசியில் எல்லோரும் சேர்கிறார்கள். உண்மையில் ஹண்டெல் இதை 1748இல் அரங்கேறிய ‘யோசுவா’ என்ற வேறொரு ஒரட்டோரியோவுக்காகத்தான் எழுதினார். வரவேற்பைப் பார்த்துப் பிறகு இதிலும் சேர்த்துக்கொண்டார். பீத்தோவன் 1796இல் இந்த மெட்டை வைத்துப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதினார். 1884இல் சுவிஸ் போதகர் ஒருவர் கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பற்றிய பிரெஞ்சு வரிகளை இதற்குப் பொருத்தினார். இன்று உயிர்த்த ஞாயிறன்று பல நாடுகளின் தேவாலயங்களில் ஒலிப்பது இதே மெட்டுத்தான். யூதர்களும் தமது ஹனுக்கா பண்டிகைக்கு எபிரேய வரிகளோடு இதை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் விசித்திரமானது 1930களின் ஜேர்மனி. பொது அரங்குகளில் இருந்து விலக்கப்பட்ட யூதக் கலைஞர்கள், தமக்கென்று அனுமதிக்கப்பட்ட கலாசார அமைப்பின் மேடைகளில் ‘யூதா மக்கபே’யைப் பாடினார்கள். அதே காலத்தில் நாஸி ஆதரவாளர்கள் யூதப் பெயர்களையும் வரலாற்றையும் அழித்துவிட்டு, ‘தளபதி’ என்ற புதுப் பெயரில் இதே இசையைப் பயன்படுத்தினார்கள். ஒரே மெட்டு, ஒரே நாடு. ஒருவர் மற்றவரைக் கொல்லப் போகிறவர்.

2009இற்குப் பிறகு காலிமுகத்திடலில் நடந்த வெற்றி அணிவகுப்புகளையும், ஜனாதிபதியை மகாராஜா என்று விளித்து நீடூழி வாழ்த்திய சிங்களப் பாடலையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அவரைத் துட்டகைமுனுவோடு ஒப்பிட்டவர்களும் மொறெல் செய்ததைத்தான் செய்தார்கள். பழைய நூலொன்றைத் திறந்து, அதில் நல்ல பாத்திரத்தை வென்றவருக்குக் கொடுத்தார்கள். மிச்சம் இருக்கும் பாத்திரம் யாருக்குப் போகும் என்று தனியாக எழுதவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இடைவேளையில் சித்தி தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி கேட்ட கேள்வி ஒன்றுதான். “தோத்தவைக்கும் இப்பிடி ஒண்டு இருக்கோ?”

இருக்கிறது. கலோடன் களத்தில் புதைகுழிகள் மண்மேடுகளாகத்தான் கிடந்தன. குலப் பெயர் பொறித்த கற்கள் 135 ஆண்டுகள் கழித்து, 1881இல்தான் நடப்பட்டன. யார் எந்தக் குலமென்று பிரிக்க முடியாதவர்களுக்குக் ‘கலந்த குலங்கள்’ என்று எழுதிய கல் உண்டு. கல்லுக்கு முன்னரே பாட்டு வந்துவிட்டது. அந்தப் போரில் வில்லியம் சிஷோம் என்பவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கிறிஸ்டியானா பெர்கசன் பாடியதாக வழங்கும் கேலிக் மொழி ஒப்பாரி இன்றுவரை பாடப்படுகிறது. ‘மோ ரூன் கியல் ஓக்’, அதாவது என் அழகிய இளம் காதலனே என்பது அதன் தலைப்பு. கணவனின் உயரத்தையும் தலைமுடியையும் வாள்வீச்சையும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஆனால், அவள் பெயர் சொல்லி முறையிடுவது கம்பர்லாந்திடம் அல்ல. தன் பக்கத்து இளவரசரான சார்ள்ஸிடம். உமக்காக நடந்த போரில் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர் என்கிறாள்.

பெரும்பாலும் துணை வாத்தியம் இல்லாமல், ஒற்றைக் குரலில் பாடுவார்கள். சில நிமிடப் பாட்டுத்தான். யூடியூபில் பல குரல்களில் கிடைக்கிறது. ‘யூதா மக்கபே’ முழுவதையும் கேட்க இரண்டரை மணித்தியாலமளவு வேண்டும். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் தொடக்கத்தில் வரும் இரண்டு அழுகைப் பாடல்களையும், இரண்டாம் பாகத்தில் செல்லோவோடு ஒரு பெண்குரல் தனியாக இஸ்ரயேலுக்காக அழும் பாடலையும் கேட்டுவிட்டு இதைக் கேட்கலாம். சித்திக்கு நான் அனுப்பியதும் இந்த வரிசையில்தான். கடைசிப் பாட்டின் பொருளைத் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.