நாலாபுறமும் ஒலி எப்படிச் சூழ்கிறது?

கொல்லிமலை அரப்பளீஸ்வரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அருவி இருப்பது எதிரே. இரைச்சலோ முதுகுப்பக்கமும் கேட்கிறது. ஏன்? நேரே வரும் ஒலி முதலில் காதை எட்டுகிறது. பாறைச்சுவர்களில் பட்டுத் திரும்புவது சற்றுப் பிந்தி, பல திசைகளிலிருந்து வருகிறது. பக்கவாட்டு ஓசை ஒரு காதை எட்டிய சுமார் 0.7 மில்லிசெகண்டுக்குள் மறு காதையும் எட்டிவிடும். அந்த நூலிழை வித்தியாசமே போதும், மூளை திசையைக் கணித்துவிடுகிறது!

ஹோம் தியேட்டரில் அந்தப் பக்கவாட்டு, பின்பக்க ஒலியைத் தருபவை சரவுண்ட் ஸ்பீக்கர்கள். அவை சிறியவையாக இருந்தாலே போதும்; தாழ்ந்த ஒலியை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவதால், கையிருப்பு குறைவென்றால் பணத்தை முதலில் அதில் போடுங்கள்.

விலையைவிட இடம் முக்கியம். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பில் திரையின் நடுவிலிருந்து இருபுறமும் சுமார் 110 டிகிரியில், அதாவது இருக்கைக்குச் சற்றே பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே சரவுண்டை வையுங்கள். அடுத்த வேலைக்குக் காசே வேண்டாம், ஆனாலும் பலர் செய்வதில்லை: இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளந்து, அந்தத் தூரத்தை ரிசீவரில் பதிவது. ஓர் அடியைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் ஆகும். அருகிலிருக்கும் ஸ்பீக்கரை அதற்கேற்ப ரிசீவர் தாமதப்படுத்தும்.