ஆராயப்படுவோரே ஆராய்வோராதல்: புலம்பெயர்ந்த இளையோரும் கல்வி, நல்வாழ்வு ஆய்வுகளும்

புலம்பெயர்தல் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதியதன்று. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கும் மேற்குமலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கும் இடையே ஆள்களின் போக்குவரத்துத் தலைமுறை தலைமுறையாய் நடந்து வருகின்றது. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் சென்று மாலையில் மீள்வோர் உளர்; காய் எடுப்புக் காலம் முழுதும் மலையிலேயே தங்கிவிடுவோரும் உளர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திற்கு உரியனவாயின. வீடு ஒரு மாநிலம், வேலை மற்றொரு மாநிலம் என்னும் நிலை இம்மக்களுக்கு நிலைத்துவிட்டது. பிள்ளையின் பள்ளிப் பதிவேடு இங்கே இருக்கும். தாயின் மருத்துவச் சீட்டு அங்கே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஏடு எங்கும் இல்லை.

கடல் கடந்து வந்தோரின் கதை இதனினும் நீண்டது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியக் குடிகளாக ஏற்கப்பட வேண்டுமென முடிவாயிற்று. 1983க்குப் பின்னர் ஈழத்திலிருந்து ஏதிலியர் வந்தனர். 2021இல் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். அவ்வாண்டில்தான் அம்முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்னும் பெயர் வழங்கப்பட்டது.

இத்தகைய மக்களைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆயின் அவற்றை நடத்துவோர் யார்? வினாநிரல் ஏந்தி வருவோர் வெளியூரார்; விடை சொல்வோர் உள்ளூரார்; முடிவு எழுதப்படுவதோ இருவரும் அறியாத மொழியில். இம்முறையை மாற்றி, ஆராயப்படும் சமுதாயத்தின் இளைஞரையே ஆய்வாளராக ஆக்கும் நெறியைப் 'பங்கேற்பு ஆய்வு' என்பர். வினாவை அமைத்தல், தரவு திரட்டல், பொருள் காணல், முடிவை ஊராரிடம் சொல்லல் ஆகிய நான்கிலும் அவர்களுக்கு இடமுண்டு என்பதே இதன் சாரம். தரவு திரட்ட மட்டும் அவர்களை அழைப்பது பங்கேற்பு ஆகாது. அது கூலி குறைந்த கணக்கெடுப்பு, அவ்வளவே.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரேயின் சிந்தனை இந்நெறிக்கு வேராயிற்று. 1977இல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில், ஓர்லாந்தோ ஃபால்ஸ் போர்தாவின் முன்முயற்சியால் கூடிய மாநாடு இதனை உலகறியச் செய்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் மெக்சிகோ வழிவந்த மாணவர்கள் 2003 முதல் தம் பள்ளிகளின் நிலையைத் தாமே ஆராய்ந்தனர். அம்மாநிலமோ 2010இல் சட்டம் இயற்றி, அவர்கள் பயின்ற மெக்சிக அமெரிக்கக் கல்வித் திட்டத்தையே முடக்கியது. நம் நாட்டு மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை, ஆய்வு செய்தல் எல்லா மக்களுக்கும் உரிய உரிமை என 2006இல் எழுதினார். அவர் தொடங்கிய மும்பைப் 'புகார்' அமைப்பு, எளிய குடும்பத்து இளைஞரைத் தம் பகுதியை ஆராயப் பயிற்றியது. பெயரைக் கேட்டவுடன் நமக்குக் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வருதல் இயல்பே. அஃது ஓர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம்.

தமிழாசிரியராகிய நமக்கு இந்நெறி வேண்டப்படுவதன் காரணம் மொழியில் தெளிவாகப் புலப்படுகின்றது. ஈழத்தமிழில் 'வருத்தம்' என்பது நோயைக் குறிக்கும். நமக்கோ அது மனத்துயர். முகாமில் ஒரு மூதாட்டி, "எனக்கு இரண்டு மாதமாய் வருத்தம்" என்றால், வெளியிலிருந்து வந்தவர் அதனை மனநலக் கட்டத்தில் குறித்துக்கொள்வார். முகாமில் வளர்ந்த பெண்ணொருத்தி வினவியிருப்பின், "என்ன வருத்தம், காய்ச்சலோ?" என அடுத்த வினாவிற்குச் சென்றிருப்பாள். கல்வியிலும் அவ்வாறே. அங்கே பயின்றவர் 'சாதாரண தரம்', 'உயர்தரம்' என்பார். அவற்றை நம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளோடு ஒப்பிடத் தெரியாதவர் படிவத்தில் 'தெரியவில்லை' என எழுதிவிடுவார்.

நம் பள்ளத்தாக்கிலும் இதற்குச் சான்று உண்டு. திராட்சைக்கும் ஏலத்திற்கும் தெளிக்கும் நஞ்சினை நம் மக்கள் 'மருந்து' என்றே சொல்வர். "பூச்சிக்கொல்லியைக் கையாள்கின்றீரா?" என்றால், "இல்லை" என்பார். "மருந்து அடிக்கப் போவதுண்டா?" என்றால், எந்தத் தோட்டம், எத்தனை டேங்கு, அன்றிரவு தலை சுற்றியதா என்பது வரை தாமே உரைப்பார். நம் இல்லங்களிலோ 'பள்ளி' எனின் தொழுமிடமும் ஆகும். "வாரத்தில் எத்தனை நாள் பள்ளிக்குச் செல்கின்றாய்?" என்னும் வினாவிற்கு ஒரு சிறுவன் "ஐந்து வேளையும்" என விடையிறுத்தால் பிழை அவனுடையதன்று.

தமிழகத்தில் இந்நெறிக்கு மிக நெருங்கிய முன்மாதிரி ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆகும். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய இவ்வமைப்பினை நடத்தியோரும் ஏதிலியரே. முகாம் இளைஞர்கள் நல்வாழ்வு, ஊட்டச்சத்துப் பணிகளில் பயிற்சி பெற்றுத் தம் முகாம்களிலேயே தொண்டாற்றினர். மாலை நேர வகுப்புகளும் நடத்தினர். 1991க்குப் பின் கல்லூரிக் கதவுகள் இம்மாணவர்க்கு அடைபட்டு, 1996இல் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்வியின் சுடர் அணையாதிருந்ததில் இவர்தம் உழைப்பிற்குப் பங்குண்டு. இதனை முழுமையான ஆய்வு என நாம் கூறோம். எனினும் குழந்தையின் புயச் சுற்றளவை நாடாவால் அளந்து, ஆறு மாதம் நிரம்பிய, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அது 115 மில்லிமீட்டருக்குக் கீழிருப்பின் கடும் ஊட்டக்குறைவு என அறிதல், ஓர் இளைஞர் சில நாளில் கற்கக்கூடியதே. அளந்தவரே "ஏன் இந்த வரிசை வீடுகளில் மட்டும்?" எனக் கேட்கும்போது ஆய்வு பிறக்கின்றது.

இஸ்லாமிய வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. மக்காவின் கொடுமை தாளாது அபிசீனியா சென்றோர் சார்பில், மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் பேசியவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) என்னும் இளைஞர். அந்நிகழ்ச்சியை நாம் விரிவாக அறிவது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பால். அவரும் அப்பயணத்தில் சென்றவரே. முதல் ஹிஜ்ரத்தின் வரலாற்றை, புலம்பெயர்ந்த பெண்மணி ஒருவரே பதிந்து தந்துள்ளார்.

இந்நெறியில் இடர்களும் உள. முகாம்களில் வருகைக் கணக்கெடுப்பு நடைபெறும். ஆங்கே குறிப்பேடு ஏந்தியவர் எவராயினும் மக்கள் அஞ்சுவர். சிற்றூரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். "சுருளிப்பட்டியில் மூன்றாம் தெரு, கணவர் மலையில், பிள்ளை படிப்பை விட்டது" என எழுதினால் ஊரே அறியும். தோழியிடம் சொல்லப்பட்ட நோய், ஆய்வாளரிடம் சொல்லப்பட்டதாக ஆகிவிடுமா என்னும் வினாவிற்கு எளிய விடை இல்லை. எழுதுமுன் மீண்டும் ஒருமுறை அவளிடம் கேட்டலே வழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், 12 முதல் 18 வயதினரிடம் பெற்றோர் ஒப்புதலோடு அவர்தம் எழுத்துவழி இசைவும் பெற வேண்டும் என்கின்றன. கல்லூரித் துறைகள் ஊர்நல ஆய்வு செய்யும்போது இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

சுருளிப்பட்டியில் தொடங்குவதாயின் ஒரே வினா போதும்: ஏலக்காய் எடுக்கும் மாதங்களில் எந்தெந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருகை குன்றுகின்றனர்? மலைக்குச் செல்லும் தாயரின் பிள்ளைகளே மாதநாட்காட்டி ஒன்றில் இதனைக் குறிக்கலாம். அன்றன்று தம்பி தங்கையைக் காத்தவர் யார் என்பதையும் அருகில் எழுதலாம். கண்டதனைக் கிராம சபையில் படிக்கலாம். ஆனால் அச்சபை வாக்காளர்க்கு உரியது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கும், இந்தியக் குடியுரிமை பெறாத முகாம் இளைஞருக்கும் அங்கே உறுப்பினர் உரிமை இல்லை. கூட்டம் நடைபெறும் நாளில் தாய் மலையில் இருப்பாள். அவ்வேட்டை எழுந்து படிப்பவர் யார் என்பதனை, ஆய்வு தொடங்குமுன்னரே நாம் ஊர்ப் பெரியோரிடம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.