நாலு படியும் 24 அடியும்

அம்மாவைப் பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்குத்தான் எங்க வாசல்படிகளை முதன்முதலா எண்ணினேன். நாலு படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் 2 அடி. நானும் தம்பியும் சக்கர நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். அப்புறம் மூணு மாசம் அம்மா வெளியே வரவே இல்லை. கேட்டால், "உங்களுக்கு எதுக்குடா சிரமம்" என்பாங்க.

சாய்தளம் கட்டிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்கு இடித்தது. பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது, 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 2 அடிக்கு 24 அடி. எங்க கேட்டுக்கும் படிக்கும் நடுவில் இருப்பதோ 9 அடி. அதற்குள் கட்டினால் சறுக்குமரம்தான்!

இப்படித்தான் லிஃப்ட் பக்கம் வந்தேன். படியோரம் தண்டவாளத்தில் ஓடும் இருக்கை ஒரு வகை. ஆனால் அதில் மாறி உட்கார வேண்டும். சக்கர நாற்காலி கீழேயே நின்றுவிடும். நாற்காலியோடு தூக்குவது மேடை லிஃப்ட். இதில் சில திருகுத்தண்டில் ஏறி இறங்கும், சில எண்ணெய் அழுத்தத்தில். எண்ணெய் வகையில் கரண்ட் போனால் வால்வைத் திறந்தால் போதும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, மேடை தன் எடையிலேயே மெதுவா இறங்கும். திருகு வகைக்கு பேட்டரி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்க.

இன்னொன்று: பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் மேடை நகரும், விட்டால் நின்றுவிடும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அம்மாவுக்கு வலது கையில் பலம் இல்லை. பொத்தான் வலப்பக்கம் இருந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். இடப்பக்கம் மாற்றச் சொன்னேன்.

வண்டிகளிலும் இதே கேள்விதான். தசைச்சிதைவு நோயோடு வளர்ந்த அமெரிக்கர் ரால்ஃப் பிரான், 1966இல் பழைய தபால் ஜீப் ஒன்றில் தனக்காகவே லிஃப்ட் பொருத்தி வேலைக்கு ஓட்டிப் போனார். பேருந்தில் தலைகீழ் வழியும் உண்டு: ஆளை உயர்த்துவதற்குப் பதில் தளத்தைத் தாழ்த்துவது. வழக்கமான பேருந்தின் தளம் சுமார் 900 மி.மீ. உயரம், நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்தில் 400 மி.மீ.

பொது இடங்களில் லிஃப்ட் இருந்தாலும் சாவி யாரிடமோ இருக்கும். அம்மாவின் வேலையாகப் போன ஓர் அலுவலகத்தில் மேடை மேல் பழைய ஃபைல் கட்டுகள் கிடந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அணுகல்வசதியைக் கடமையாக்கியது. ஆனால் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் என் சோதனை ஒண்ணே ஒண்ணுதான்: உட்கார்ந்திருப்பவர் யாரையும் கூப்பிடாமல் போய்வர முடியுமா?

எங்க வீட்டில் லிஃப்ட் பொருத்திய மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா கேட்டருகே கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாங்க.